அந்நியன் ஓடும் ஞாயிறு

பெற்றோருக்காக மொழிபெயர்த்த பிள்ளைகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என்னைப்போலவே உங்களில் பலரும் இன்று ஐம்பதைக் கடந்திருப்பீர்கள். இந்த நாட்டுக்கு முதலில் வந்த தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வெளிநாட்டவர் அலுவலகத்து மேசைக்கு முன்னால் நின்று, அப்பா சொன்னதை ஜேர்மன் மொழியிலும் அதிகாரி சொன்னதைத் தமிழிலும் மாற்றிக்கொண்டிருந்தோம். வைத்தியரிடம் அம்மாவின் வயிற்று வலியைக்கூட நாங்கள்தான் சொன்னோம். அந்த வேலையில் நாங்கள் விட்ட பிழைகளை யாரும் திருத்தவில்லை. திருத்தக்கூடிய ஒருவரும் அந்த அறைகளில் இருந்ததில்லை.

நான் எழுத வந்தது ஒரு பிழையைப் பற்றி அல்ல. நான் சொன்ன இரண்டு பொய்களைப் பற்றி.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து புறப்பட்டார். அம்மாவும் தங்கையும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்கள். ஜேர்மன் அதிகாரிகள் எங்களை ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போகவேண்டிய ஒரு மலைக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூடப்பட்ட பழைய பள்ளிக்கூடத்தின் மாடியில் ஓர் அறை. தரையில் மெழுகு வாசம். ஒரு மின்னடுப்பு, ஒரு கேத்தில், இரண்டு கட்டில். வகுப்பறையின் கரும்பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். அப்பா அதில் தினமும் தேதியை எழுதி, பக்கத்தில் அன்றைய கறியையும் எழுதுவார். பெரும்பாலும் பருப்பு.

வேலை செய்ய அப்பாவுக்கு அனுமதி இல்லை. மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்வரும்வரை அவர் யன்னலோரம் இருந்து ரேடியோவில் புரியாத செய்திகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆட்களோடு இருந்து பழகிய மனிதர் அவர். கொழும்பில் அச்சகத்தில் வேலை செய்தபோது மதியச் சாப்பாட்டை ஒருநாளும் தனியே இருந்து சாப்பிட்டதில்லை என்று அம்மா சொல்வார். அப்பாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, வேஷம் போடுவது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பெற்றோருக்கு வினோத உடைப் போட்டி வைப்பார்களே, அதில் அவர் ஒரு வருடமும் தவறியதில்லை. என் ஐந்தாம் வகுப்பில் பிச்சைக்காரனாக வந்தார். வேஷம் எவ்வளவு கச்சிதம் என்றால், வாசலில் நின்ற ஆசிரியர் உண்மையான பிச்சைக்காரன் என்று நினைத்துத் துரத்தப் பார்த்தார். முதல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் முடியும்வரை வகுப்பில் என் பெயர் “பிச்சைக்காரன்ரை மோன்.”

இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

கிராமத்துக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை இருந்தது. பாதி இடிந்தது, பாதி நிற்பது. அதைப் பார்த்துக்கொண்ட முதியவரை நாங்கள் கோட்டைக்காரர் என்றே சொல்வோம். ஒரு கால் சற்று இழுக்கும். கோடையில் வரும் பயணிகளுக்கு அவர்தான் கதை சொல்வார். பின்னேரங்களில் அப்பாவும் நானும் அங்கே ஏறிப்போகத் தொடங்கினோம். செலவில்லாத பொழுதுபோக்கு அது ஒன்றுதான். கோட்டைக்காரர் எங்களிடம் நுழைவுச்சீட்டு கேட்டதில்லை.

தரையில் வாசல் இல்லாத கோபுரம் ஒன்று இருந்தது. எதிரி வந்தால் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வதற்காக வாசலை இரண்டு ஆள் உயரத்தில் வைத்திருந்தார்கள். படிக்கல் ஒன்றில் குளம்பு வடிவில் ஒரு பள்ளம். துரத்தப்பட்ட பிரபு ஒருவன் குதிரையோடு மதிலிலிருந்து பாய்ந்தபோது பதிந்தது என்றார் கோட்டைக்காரர். நான் தமிழில் சொன்னேன். அப்பா குனிந்து அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

“எங்கடை பக்கமெண்டால் இதிலை ஒரு சூடம் கொளுத்தி, பக்கத்திலை உண்டியலும் வச்சிருப்பினம்,” என்றார்.

“என்ன சொல்கிறார்?” என்று கோட்டைக்காரர் கேட்டார்.

“அழகாக இருக்கிறதாம்,” என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு பக்கமும் சொல்வதை நான் நினைத்தபடி மாற்றலாம் என்பது எனக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு நிலவறையைக் காட்டி, குதிரைகளுக்கான ஓட்ஸ் இங்கேதான் இருந்தது என்று கோட்டைக்காரர் சொன்னபோது, பிரபு இங்கே ஒரு புலி வளர்த்தாராம் என்று மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கோட்டைக்காரரைப் பார்த்து, கைவிரல்களை நகம்போல வளைத்து, “உர்ர்ர்” என்று உறுமிக் காட்டினார், இங்கேயா என்ற பாவனையில். கோட்டைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தானும் உறுமினார். இரண்டு பெரிய மனிதர்கள் ஓட்ஸ் அறையில் நின்று மாறி மாறி உறுமிச் சிரித்தார்கள். அதன் பிறகு சந்திக்கும் போதெல்லாம் அவர்களுக்கு அதுதான் வணக்கம். அப்பாவுக்கு அந்த ஊரில் என்னை விட்டால் பேச்சுத் துணை அந்த உறுமல் ஒன்றுதான்.

அந்தக் கோட்டையின் பெரிய கதை, அது விழுந்த கதை. ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முந்திய முப்பது வருடப் போரில் சுவீடன் படை கிராமத்தை முற்றுகையிட்டது. மக்கள் எல்லோரும் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். மதில் தாங்கியது, சாப்பாடும் போதுமாக இருந்தது. அந்த வருடம்தான் ஊருக்கு வந்து சேர்ந்திருந்த கத்தி சாணைக்காரன் ஒருவன், ஒரு ரொட்டிக்காக, எதிரிக்குத் தண்ணீர் எடுக்கும் இரகசிய வாசலைக் காட்டிக்கொடுத்தான். புகைபோக்கி வழியாகத் தப்பி ஓடினான். ஊரார் அவனைத் துரத்திப்போய் ஆலைக்குளத்தில் தள்ளினார்கள்.

இதை ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடித்துக் காட்டுவது அந்த ஊர் வழக்கம். ஒருவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து ஓடுவார். ஊரே மேளம் அடித்து, ஈர வைக்கோலை எறிந்துகொண்டு பின்னால் ஓடும். கடைசியில் அவரைக் குளத்தில் தூக்கிப் போடும். பள்ளி முற்றத்தில் பையன்கள் அந்த மாதம் முழுக்க இதையே விளையாடினார்கள். ஓடுபவனாக எப்போதும் என்னையே வைத்தார்கள். நான் ஓடினேன். வேறு விளையாட்டில் என்னைச் சேர்த்ததில்லை.

ஒருநாள் விடுதிக்காரரின் மகன் என்னை மறித்தான். ஊரிலே சாப்பாட்டு விடுதி நடத்தியவரின் மகன்.

“இந்தமுறை உன் அப்பாதான் ஓடுவாராம். வீட்டில் பேசிக்கொண்டார்கள்.”

“ஏன்?”

“ஏனென்றால் கரி மிச்சம்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதுமடல் சுட்டது. ஈர வைக்கோல் ஒட்டிய முகத்தோடு அப்பா ஓடுவதை மனதில் பார்த்தேன். அவர் அதை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதும் எனக்குத் தெரிந்தது. விழுந்து, எழும்பி, கும்பிட்டு, கூட்டத்தைச் சிரிக்கவைத்து ஓடுவார். மறுநாள் பள்ளியில் எனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதும் தெரிந்தது.

அந்த வாரம் ஊரெங்கும் ஆயத்தம். வண்டி வண்டியாக வைக்கோல் மலை ஏறியது. விழுந்து அழுகும் அப்பிள்களின் புளித்த வாசம் தெருவெல்லாம் நின்றது. அப்பா யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயிறு என்ன விசேஷமாம் தம்பி?”

“தெரியாதப்பா. ஏதோ கோயில் விசயம்.”

“நாங்களும் போய்ப் பாப்பமே? சனத்தைப் பாத்தும் கனகாலம்.”

தான் கொண்டுவந்த ஒரே கோட்டுச் சட்டையை எடுத்துத் தூசி தட்டி, கதவின் பின்னால் கொழுவினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் படியில் காலடி கேட்டது. கோட்டைக்காரரும் விடுதிக்காரரும் வந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கைகால் ஓடவில்லை. எங்கள் அறைக்கு வந்த முதல் விருந்தாளிகள் அவர்கள். இரண்டு கட்டிலிலும் அவர்களை இருத்திவிட்டு, கேத்திலைப் போட்டு, தேத்தண்ணியில் சீனியை அள்ளிக் கொட்டினார். கோட்டைக்காரர் சின்னதாக ஒரு உறுமல் உறுமினார். அப்பாவும் உறுமினார். விடுதிக்காரர் ஒரு போத்தலை மேசையில் வைத்தார். அவர்கள் வீட்டில் வடித்த பிளம்ஸ் சாராயம். பிறகு கோட்டைக்காரர், பயணிகளிடம் பேசும் குரலில் அல்ல, வேறு ஒரு அடங்கிய குரலில், அப்பாவைப் பார்த்துப் பேசினார். பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“ஞாயிறு கோட்டையிலை அவையின்ரை கொண்டாட்டமாம். குடிச்சுப்போட்டு நிப்பினமாம். தங்கடை ஆக்களுக்கு மட்டுமாம். எங்களை அந்தப் பக்கம் வரவேண்டாமாம்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஓ… சரி. பிரச்சினை இல்லையெண்டு சொல்லு. நாங்கள் கரைச்சல் குடுக்கமாட்டம் எண்டு சொல்லு.”

நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். “உங்களுக்குக் கோமாளி வேஷம் போட நான் வரவில்லை என்று அப்பா சொல்கிறார்,” என்றேன்.

விடுதிக்காரரின் முகம் சிவந்தது. கோட்டைக்காரர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்து, கரைச்சல் கொடுக்காத மனிதனின் சிரிப்பைச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போத்தலைத் திருப்பி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா யன்னல்களை மூடினார். மேளச் சத்தம் அதையும் மீறி வந்தது. இறைச்சி வாட்டும் மணம் கதவுக்குக் கீழால் வந்தது. அவர் கரும்பலகையில் தேதியை எழுதி, “பருப்பு” என்று எழுதினார். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கோட்டு கதவின் பின்னாலேயே தொங்கியது. அப்பாவுக்குப் பதிலாக அந்த வருடம் தபால்காரர் ஓடினார் என்று திங்கட்கிழமை பள்ளியில் அறிந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தபால்காரர் எங்கள் கடிதங்களைப் படியேறிக் கொண்டுவரவில்லை, கீழே வாசலில் போட்டுவிட்டுப் போனார். அம்மாவின் கடிதங்கள் நனைந்து வந்தன.

அப்பா கோட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வரவேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் போகிற மனிதர் அல்ல அவர். தெருவில் ஆட்களைக் கண்டால் மற்றப் பக்கம் கடந்தார். அவர்களும் கடந்தார்கள்.

இலை கொட்டத் தொடங்கிய நாள் ஒன்றில் நான் தனியே மேலே போனேன். கோட்டைக்காரர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“உன் அப்பா நலமா?”

“நலம்.”

“கோபமா இன்னும்?”

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இழுக்கும் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தார்.

“ஒருவேளை நான் சரியாக விளக்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரன் இல்லை, தெரியுமா? கிழக்கே சிலேசியாவிலிருந்து எங்களை உலகப்போரின் முடிவில் துரத்திவிட்டார்கள். ஒரு கைவண்டி, என் தாய், நான். இங்கே நாங்கள் யாருக்கும் வேண்டியவர்களாக இருக்கவில்லை. கிணற்றைக்கூடப் பூட்டி வைத்தார்கள். அந்தக் கோடையில் இரண்டு பேர் வந்து என்னை ஓடச் சொன்னார்கள். ஊருக்குக் கடைசியாக வந்தவன்தான் ஓடவேண்டும், அதுதான் வழக்கம். ஓடினேன், இந்தக் காலோடு. குளத்தில் போட்டார்கள். பிறகு தூக்கி எடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் என் முகத்துக் கரியைக் கழுவினார்கள். ரொட்டியும் உப்பும் தந்தார்கள். ‘இவர் எங்களவர், இனி அந்நியன் வேறொருவன்’ என்று ஊர்த்தலைவர் சொன்னார். மறுநாள் கிணறு திறந்திருந்தது.”

நான் முற்றத்தைப் பார்த்தபடி நின்றேன். பள்ளி முற்றத்தில் பையன்கள் ஒருநாளும் ரொட்டியை விளையாடவில்லை. குளத்தோடு விளையாட்டு முடிந்துவிடும்.

“தபால்காரர் வந்து நாலைந்து வருடம். அவருக்குப் பிறகு யாரும் வராததால் ஒவ்வொரு வருடமும் அந்நியன் அவர்தான். இந்தமுறை விடுதலை என்று நினைத்திருந்தார், பாவம்,” என்று கோட்டைக்காரர் சிரித்தார். “உன் அப்பாவிடம் சொல். அடுத்த வருடமும் அவருக்கு இடம் இருக்கிறது.”

“சொல்கிறேன்,” என்றேன்.

அறைக்கு வந்தபோது அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கை போனனீ? மேலையே? கோட்டைக்காரர் என்னவாம்?”

சொல்வதென்றால் அந்த வெள்ளிக்கிழமை சொன்ன பொய்யையும் சொல்லவேண்டும்.

“ஒண்டுமில்லையப்பா. குளிர் வரப்போகுதாம்.”

முதல் பொய்யைச் சொன்னபோது எனக்குப் பாதிதான் தெரியும் என்று சாட்டுச் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னபோது முழுவதும் தெரியும்.

அடுத்த கோடைக்கு முன்னரே எங்களை டோர்ட்மண்டுக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு ஒரு சமையலறையில் வேலை கிடைத்தது. அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் போத்தல் இடம்மாறும்போது எங்கேயோ தவறிவிட்டது. நாங்கள் வாழ்ந்தோம், ஒரு குறையும் இல்லை என்றுதான் வெளியே தெரியும். ஆனால் அப்பா ஜேர்மன்காரரின் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. டிசம்பரில் வேலைத்தலத்து நத்தார் விருந்துக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து அழைத்த கல்யாணத்துக்குப் போகவில்லை. பேத்தி பள்ளிக்கூட மேடையில் பாடியபோதும் வெளியே காருக்குள் இருந்தார்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், நாட்டுக்குப் புதிதாக வந்த பொடியன்கள் அவரிடம் புத்தி கேட்பார்கள். அவர் ஒரே பதில்தான் சொல்வார்: “வெள்ளையள் வேலை தருவினம், வீடு தருவினம். கோட்டைக்குள்ளை மட்டும் விடமாட்டினம். நான் நேரை கண்டனான்.” ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் ரயிலில் என் எதிரே இருந்து இதே வசனத்தை இன்னொருவருக்குச் சொன்னார். தலையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் சொன்ன பொய், எனக்குத் தெரியாத வாய்களில் வயது போய்க்கொண்டிருந்தது.

போன கோடையில், அந்தக் கிராமத்துக்குத் தனியே போனேன். கோட்டைக்காரரின் பெயர் சிறு கல்லறைக் கல்லில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடியவர் சிரியாவிலிருந்து வந்த ரொட்டி சுடுபவர் என்றார்கள். வைக்கோல் பறந்தது. குடித்த இளைஞர் இருவர் காதால் கேட்கக்கூடாத ஒன்றைக் கத்தினார்கள். அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு குளக்கரையில் ஒரு பெண் துவாயால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவர் ரொட்டியைக் கடித்துப் பார்த்து, இதைவிட நன்றாக நான் சுடுவேன் என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

அது நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அப்பாவும் கோபித்துக்கொண்டு மறுத்திருக்கலாம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஓம் சொல்வதா, இல்லை சொல்வதா என்பது அவருடைய வேலை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அம்மா காலமாகிவிட்டார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அறிவு தெளிவு. பின்னேரங்களில் கூடத்தில் மற்றவர்கள் கோப்பியோடு சீட்டாடுவார்கள். அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருப்பார். அந்தக் கிராமத்துக்குப் போய்வந்த அடுத்த கிழமை, கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

“அப்பா, நாங்கள் முதல் இருந்த ஊரிலை, ஒருநாள் ரெண்டு பேர் அறைக்கு வந்தவை. ஞாபகம் இருக்கே?”

“இருக்கு. தொப்பியைக் கழட்டிக் கையிலை வச்சுக்கொண்டு இருந்தவை.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “வராதேயுங்கோ எண்டு சொல்ல வந்த மனிசர் ஏன் தொப்பியைக் கழட்டினவை எண்டு நான் கனகாலம் யோசிச்சனான்.”

சொன்னேன். சாணைக்காரன், கரி, குளம், ரொட்டி, சிலேசியா எல்லாவற்றையும் சொன்னேன். காதுக்குக் கிட்டப் போய்ச் சில இடங்களை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. பொய்யை இரண்டாம் தரம் உரக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப்போவதில்லை.

“ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?”

“வெக்கம்.”

“அவையை நினைச்சோ?”

“இல்லையப்பா. உங்களை நினைச்சு.”

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை நான் வாய்க்குள் வைத்திருந்தேன். அதைக் கேட்டால் அவர் தந்துவிடுவார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. கூடத்திலிருந்து யாரோ சீட்டில் வென்ற ஆரவாரம் வந்தது. அது அடங்கியதும் அப்பா பேசினார்.

“அந்த மனிசன் அண்டைக்கு என்ன சொன்னது? அப்பிடியே சொல்லு. கூட்டாமல் குறைக்காமல்.”

எனக்கு அது ஒரு சொல் தவறாமல் ஞாபகம் இருந்தது. முதலில் ஜேர்மன் மொழியில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன்.

“‘இந்த வருசம் எங்கடை ஊருக்குக் கடைசியா வந்தது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடை ஓட வாறியளோ? வந்தால் எங்களுக்குச் சந்தோசம்.’”

அப்பா அதைக் கேட்டார். கட்டில் விளிம்பில் நிமிர்ந்து இருந்து, புதிதாக வந்த செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“குளத்துத் தண்ணி குளிருமோ?”

“கோடைதானே அப்பா. அவ்வளவு குளிராது.”

அவர் யோசித்தார்.

“ஓம் எண்டு சொல்லு,” என்றார்.

அந்த இரண்டு பேரும் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல, நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.